குதிரைத்திறன் கூடினால் மீன் கூடுமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகர் துறைமுகத்திலும், பரங்கிப்பேட்டையை ஒட்டிய அன்னங்கோயிலிலும், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைப் பக்கம் உள்ள முடசல் ஓடையிலும் படகுகள் கரையேறி நிற்கும். பெயின்ட் அடிப்பதும் பலகை மாற்றுவதும் வெளியே தெரியும் வேலைகள். பெரிய செலவு உள்ளே, எஞ்சினைப் பிரித்துப் போட்ட இடத்தில் முடிவாகிறது. பழைய எஞ்சினின் தேய்ந்த பாகங்களை மாற்றி அதே திறனில் ஓட்டுவதா? டர்போ, பம்ப், பிஸ்டன் என்று உள்பாகங்களை மாற்றி அதே எஞ்சினிலிருந்து கூடுதல் ஹெச்.பி.யைக் கறப்பதா? எல்லாவற்றையும் இறக்கிவிட்டு 400, 500 ஹெச்.பி. சீன எஞ்சினை ஏற்றுவதா? பக்கத்துப் படகுக்காரர் ஏற்றிவிட்டார் என்ற செய்தி வந்தால் மூன்றாவது வழிதான் கண்ணுக்குத் தெரியும். அந்த வழி தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். சட்டம் தடுக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. எஞ்சினின் கணக்கும் கடலின் கணக்கும் படகில் போகிறவர்களின் பங்குக் கணக்கும் அதே பதிலைத்தான் சொல்கின்றன.

சட்டத்தை முதலில் சொல்லிவிடலாம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழுள்ள விதிகள் 2020இல் திருத்தப்பட்டபோது, 240 ஹெச்.பி.க்கு மேற்பட்ட எஞ்சினோ 24 மீட்டருக்கு மேற்பட்ட நீளமோ கொண்ட மீன்பிடிப் படகுகளுக்கு இடமில்லை என்றானது. சுருக்குமடிக்குத் தடை அதற்கும் இருபது ஆண்டு முந்தையது. 2000ஆம் ஆண்டிலேயே வந்தது. கடலூர் முதல் நாகப்பட்டினம் வரையிலான மீனவக் கிராமங்களின் கூட்டங்களிலும் மறியல்களிலும் மூன்று பெயர்கள் சேர்ந்தே ஒலிப்பதைக் கவனிக்கலாம்: சுருக்குமடி, இரட்டைமடி, அதிவேக எஞ்சின். இவை சேர்ந்து வருவது தற்செயலல்ல. மத்தியோ கானாங்கெளுத்தியோ கூட்டமாக மேலே வரும்போது, அது கலைந்து அடியில் இறங்குவதற்குள் சுற்றி வளைத்தால்தான் சுருக்குமடி பலிக்கும். அந்தச் சில நிமிட வேகத்துக்காகத்தான் பெரிய எஞ்சின். இரட்டைமடியில் கனமான வலையை இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்க வேண்டும். அங்கும் தேவை இழுவிசை. எஞ்சினைத் தனியாகப் பிரித்து, அது உரிமையாளரின் சொந்த விஷயம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். எந்த எஞ்சின் என்று முடிவு செய்யும்போதே எந்த மடி என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது.

இனி எஞ்சினுக்குள் போவோம். நம் படகுகளில் நெடுங்காலம் ஓடியவை பெரும்பாலும் லாரிக்கு வடிவமைத்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்களின் கடல்வகை. அசோக் லேலண்ட் எஞ்சின் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் இந்தக் கரையில் கிடையாது. ஆனால் லாரியில் ஓடும் வாழ்க்கையும் படகில் ஓடும் வாழ்க்கையும் வேறு. லாரி மேட்டில் ஏறும்போது முழுத்திறன் கேட்கும், இறக்கத்தில் ஓய்வு தரும். இழுவைப்படகு மடியை இறக்கிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் ஒரே சீராகப் பாரம் இழுக்கும். இடையில் இறக்கம் கிடையாது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஒரே எஞ்சின் பிளாக்குக்கு வேலையின் தன்மையைப் பொறுத்து வெவ்வேறு ஹெச்.பி. குறிக்கிறார்கள், இடைவிடாத பாரத்துக்கு எப்போதும் குறைந்த எண். அந்த வித்தியாசத்தைச் சும்மா கிடக்கும் உபரி என்று நினைத்து, டீசல் பம்ப்பைத் திருப்பி அளவைக் கூட்டி வைப்பதுதான் செலவில்லாமல் ஹெச்.பி. ஏற்றும் முதல் வழி. அதன் விளைவு அடுத்த தடைக்காலத்தில் தெரியும். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில், டீசல் பீய்ச்சி விழும் குழியின் விளிம்பில், மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். லைனரின் மேல்பகுதியில் ரிங் திரும்பும் இடத்தில் விரல் நகம் தட்டும் அளவுக்கு ஒரு படி விழுந்திருக்கும். கனெக்டிங் ராட் பேரிங்கின் வெள்ளைப் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் அது முழுதாக எரியாது; கரும்புகையாகப் போனது போக மிச்சம் வெப்பமாகத் தங்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை; 300 டிகிரியைத் தாண்டும்போது தன் வலிமையில் பெரும்பகுதியை அது இழந்துவிடும்.

முறையாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். டர்போவும் இன்டர்கூலரும் வைத்து, வார்ப்பு பிஸ்டனுக்குப் பதிலாக அடித்துச் செய்த பிஸ்டன் போட்டு, ஹெட் போல்ட்டையும் கேஸ்கெட்டையும் தரம் உயர்த்தி, ஆயில் பம்ப்பையும் மாற்றினால் எஞ்சின் தாங்கும்தான். பந்தயக் கார் கட்டுகிறவர்கள் உலகமெங்கும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களுடைய எஞ்சின் முழுப் பாரத்தில் ஓடுவது நிமிடக் கணக்கு. சில நூறு மணி நேரத்துக்குள் மீண்டும் பிரித்துக் கட்டப்படும். படகு எஞ்சின் ஒரே பருவத்தில் அதைத் தாண்டிவிடும். மேலும் எஞ்சின் தாங்கிவிட்டால் கதை முடிவதில்லை. டீசலின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோதான் கிராங்க் ஷாஃப்டுக்குப் போகிறது. மீதி புகையிலும் கூலிங் தண்ணீரிலும் போகிறது. திறனைக் கூட்டினால் குளிர்விப்பையும் அதே அளவு கூட்ட வேண்டும். சுற்று வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால் கனெக்டிங் ராடின் மேல் விழும் இழுப்பு 21 சதவீதம் ஏறும், ஏனென்றால் அது சுற்றின் இருமடிப் பெருக்கத்தில் போகிறது. கியர் பாக்ஸ் ஒரு குறிப்பிட்ட முறுக்குவிசைக்குத்தான் செய்யப்பட்டது. முறுக்குவிசையை இரட்டிப்பாக்கினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் விட்டம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பருக்க வேண்டும். ஷாஃப்ட் பருத்தால் அது போகும் குழாயும் புஷ்ஷும் மாற வேண்டும். பின்பக்கச் சட்டத்துக்குள் அடங்கும் புரொப்பல்லரின் விட்டத்துக்கோ ஓர் எல்லை உண்டு. சின்ன புரொப்பல்லரின் மேல் பெரிய திறனைத் திணித்தால் அது தண்ணீரைத் தள்ளாமல் கொதிக்க வைக்கும். இலையின் முனையில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருப்பதைத் தடைக்காலத்தில் கரையேற்றிய படகுகளில் பார்க்கலாம். 400 ஹெச்.பி. வாங்கியவர் அதில் எவ்வளவைக் கடலுக்குள் இறக்கினார் என்பதை அந்தக் குழிகள் சொல்லும்.

அப்படி இறக்கிய திறனாவது வேகமாக மாறுகிறதா? இங்கேதான் கடல் தன் கணக்கை வைத்திருக்கிறது. தண்ணீரைக் கிழித்துப் போகும் கனமான படகுக்கு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் திறன் தேவைப்படும். 60 அடி நீளப் படகு ஒன்று மணிக்கு 8 கடல் மைல் ஓட 80 ஹெச்.பி. போதும் என்று வைத்துக்கொள்வோம். 10 கடல் மைல் ஓட அதற்கு ஏறத்தாழ 156 ஹெச்.பி. வேண்டும். அதற்கு மேல் இன்னும் செங்குத்து: படகு தானே எழுப்பும் அலையில் தானே சிக்கிக்கொள்ளும் எல்லை ஒன்று இருக்கிறது. அடியில் அளந்த நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை வரும். 60 அடிக்கு அது மணிக்குச் சுமார் 10.4 கடல் மைல். அதைத் தாண்ட வேண்டுமானால் திறனைக் கொட்ட வேண்டும். கடலூருக்கு எதிரே கண்டத்திட்டு மேற்குக் கடற்கரையைப் போல அகலமானது அல்ல, குறுகலானது. 20 கடல் மைல் போய்த் திரும்புவதாகக் கொண்டால், 8இல் போனால் 5 மணி நேரம், 10இல் போனால் 4 மணி நேரம். டீசல் எஞ்சின் ஒரு ஹெச்.பி.க்கு மணிக்குத் தோராயமாக 0.19 லிட்டர் குடிக்கும். முதல் பயணத்துக்கு 76 லிட்டர், இரண்டாவதுக்கு ஏறத்தாழ 119 லிட்டர். ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க 43 லிட்டர். வெளிச்சந்தையில் டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் அந்த ஒரு மணி நேரத்தின் விலை 4,000 ரூபாயைத் தொடும்.

மானிய டீசலையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் கிடைக்கிறது. 240 ஹெச்.பி. எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்குச் சுமார் 45 லிட்டர் எரிக்கும். அந்த ஒதுக்கீடு 400 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். 400 ஹெச்.பி. எஞ்சினை முழுப் பாரத்தில் ஓட்டினால் 250 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முழுப் பாரத்தில் யார் எப்போதும் ஓட்டுகிறார்கள் என்று கேட்டால், ஓட்டாதவர்கள் எதற்காக 400 வாங்கினார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பாதிப் பாரத்துக்கும் கீழே ஓடும் பெரிய டீசல் எஞ்சின் ஒரு ஹெச்.பி.க்குக் கூடுதலாகவே குடிக்கும், கரியும் பிடிக்கும்.

வேகம் மட்டும் காரணமல்ல, இழுவைதான் முக்கியம் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். மடி இழுக்கும்போது படகு போவதே மணிக்கு மூன்று கடல் மைல் அளவில்தான்; அங்கே பெரிய எஞ்சின் பெரிய மடியையும் அதன் வாயை விரிக்கும் கனமான பலகைகளையும் இழுக்கும். அந்த மடியில் ஏறுவது என்ன என்பதுதான் கேள்வி. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 1,100 ஹெக்டேர் அளவில் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. இறாலும் பல மீன்களும் குஞ்சாக வளர்வது அங்கே, அதன் கால்வாய்களிலும் சேற்றிலும். வளர்ந்து வெளியே வரும் அந்தக் குஞ்சுகளும் இளமீன்களும் முதலில் சேரும் இடம் இந்தக் கரையோரக் கடல்தான். பெரிய மடி அடித்தரையைத் துடைத்து எடுத்து வருவதில் கணிசமான பங்கு, மனிதர் தின்ன முடியாத கழிவு மீனாக, கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் கிலோ சில ரூபாய்க்குப் போகிறது. நாளைய வஞ்சிரத்தையும் இறாலையும் இன்று தீவன விலைக்கு விற்பதற்காகவா அவ்வளவு டீசலை எரிப்பது? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அன்னங்கோயிலுக்கும் அந்த மையத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு; முடிவெடுக்கும் மேசையில் அந்த அறிவு இன்னும் வந்து உட்காரவில்லை என்பது வருத்தம்.

இந்தப் போட்டியின் இயல்பு இதுதான்: முதலில் பெரிய எஞ்சின் ஏற்றியவருக்குக் கூடுதல் பாடு, அதாவது கூடுதல் மீன், கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடலில் மீன் கூடியதால் அல்ல. அடுத்தவர் மடிக்குப் போயிருக்க வேண்டிய மீன் இவர் மடிக்கு வந்ததால். அடுத்தவரும் ஏற்றியதும் இருவரின் பாடும் பழைய நிலைக்குத் திரும்பும், டீசல் செலவு மட்டும் திரும்பாது. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தயத்தில் ஓடவே முடியாது. தேவனாம்பட்டினம், ராசாப்பேட்டை, சாமியார்பேட்டை என்று கரை நெடுக இருக்கும் அவர்களுக்குப் பாடு குறைவது மட்டும்தான் மிச்சம். கடலூரில் கிராமத்துக்கும் கிராமத்துக்கும் இடையே, சில சமயம் ஒரே கிராமத்துக்குள்ளேயே, சுருக்குமடி வேண்டும் வேண்டாம் என்று பிளவு விழுந்ததற்கு அடியில் இந்தப் பொருளாதாரம்தான் இருக்கிறது.

படகில் போகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விசைப்படகில் கூலி என்பது பெரும்பாலும் பங்குதான். மீன் விற்ற பணத்திலிருந்து முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிக்கப்படும். மிச்சத்தைத்தான் உரிமையாளரும் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்வார்கள். விகிதம் ஊருக்கு ஊர் மாறும், வரிசை மாறாது. எந்த எஞ்சின் ஏற்றுவது என்று தொழிலாளியிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் ஒவ்வொரு லிட்டரிலும் அவர் பங்கு இருக்கிறது. உரிமையாளருக்கும் நிம்மதி இல்லை. புதிய எஞ்சினுக்கான பணம் பலருக்கு ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ வாங்கிய முன்பணம். அதை அடைக்கும்வரை மீனை அவரிடமே, அவர் வைத்த கமிஷனுக்குப் போட வேண்டும். கடனை அடைக்க அதிகம் பிடிக்க வேண்டும், அதிகம் பிடிக்க இன்னும் பெரிய மடி வேண்டும். சட்டத்தை மீற வேண்டும் என்று ஆசைப்பட்டு யாரும் மீறுவதில்லை. இந்தக் கடன்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

எதிர்வாதங்களில் வலுவானது ஆழ்கடல். கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது, அரசே ஆழ்கடலுக்குப் போகச் சொல்கிறது, அதற்குப் பெரிய எஞ்சின் வேண்டாமா? 2017இல் நீலப்புரட்சித் திட்டத்தின் கீழ் பாக் நீரிணையின் இழுவைப்படகுகளுக்கு மாற்றாக 80 லட்சம் ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் படகுகள் அறிவிக்கப்பட்டன. அவை சூரை மீனுக்கான நீண்ட தூண்டில் கயிறும் செவுள்வலையும் போடும் படகுகள். தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். தொலைவுக்குத் தேவை பெரிய டீசல் தொட்டி, நல்ல ஐஸ் அறை, பத்துப் பதினைந்து நாள் தங்கும் வசதி, நம்பகமான எஞ்சின். பல நாள் பயணத்தில் போகும் நேரம் இரண்டு மணி கூடினால் எதுவும் கெடாது. இன்னும் கூர்மையாக ஒருவர் கேட்கலாம்: கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் 2016இல் எரிபொருள் சிக்கனத்துக்காகவே வடிவமைத்த சாகர் ஹரிதா படகிலேயே 400 ஹெச்.பி. எஞ்சின்தானே வைத்தார்கள்? வைத்தார்கள். 19.75 மீட்டர் நீளமுள்ள அந்த ஆழ்கடல் படகின் சிறப்பு, அதே அளவுள்ள மற்றப் படகுகளைவிட அந்த எஞ்சின் திறன் 20 சதவீதம் குறைவு என்பதே. படகின் உடலையும் எடையையும் சீர்செய்து எஞ்சினைச் சிறிதாக்கினார்கள். இங்கே நடப்பது தலைகீழ். உடல் பழையது, எஞ்சின் மட்டும் பெரிதாகிறது.

பாதுகாப்பைச் சொல்பவர்களை அலட்சியப்படுத்த முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலைப் பார்த்த ஊர் இது. ஆனால் புயலுக்கு எச்சரிக்கை சில நாட்களுக்கு முன்பே வருகிறது. அன்று காப்பாற்றுவது கரையிலிருந்து வரும் செய்தியும் அதைக் கேட்கும் கருவியும். திடீரென்று வீசும் சூறைக்காற்றில் அலையை எதிர்த்து நிற்கவும் முகத்துவாரத்தின் மணல்மேட்டைத் தாண்டவும் கையிருப்புத் திறன் வேண்டும் என்பது மறுக்க முடியாதது. 80 ஹெச்.பி.யில் சாதாரணமாக ஓடும் படகுக்கு 240 அந்தக் கையிருப்பைத் தாராளமாகத் தருகிறது. கடலில் எஞ்சின் சிறியதாக இருப்பதைவிட எஞ்சின் நின்றுவிடுவதே பெரிய ஆபத்து. தாங்கும் அளவுக்கு மேல் முறுக்கிவிட்ட எஞ்சின்தான் முதலில் நிற்கும்.

பக்கத்து மாநிலத்துக்காரன் ஏற்றுகிறானே என்ற கேள்விக்கு முழுமையான பதில் தமிழ்நாட்டிடம் மட்டும் இல்லை. வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால். அவற்றுக்குத் தனிச் சட்டம். மீனுக்கு எல்லை தெரியாது, படகும் எல்லையில் நிற்பதில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை சுருக்குமடிக்கு இடம் தந்ததும், அந்த எல்லைக்கு வெளியே மாநிலத்தின் கை எவ்வளவு நீளும் என்ற வழக்கிலிருந்து வந்ததுதான். எஞ்சின் வரம்பைப் புதுச்சேரியோடு சேர்ந்து ஒரே எண்ணாக்காதவரை இந்த மனக்குறை நியாயமானதே. ஆனால் மனக்குறை நியாயம் என்பதால் முதலீடு லாபமாகிவிடாது.

வரம்பை எப்படி அளப்பது என்பது அதைவிடக் கடினம். எஞ்சினில் ஒட்டிய தகட்டில் உள்ள எண் ஒரு வாக்குமூலம் மட்டுமே. பம்ப்பின் திருகாணி ஒரு சுற்றில் அதைப் பொய்யாக்கிவிடும். ஐரோப்பா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. வட கடலில் கரையோர இளமீன்களைக் காக்க 1989இல் ஒரு பகுதியை ஒதுக்கி, 300 ஹெச்.பி.க்கு மேற்பட்ட இழுவைப்படகுகளை வெளியே நிறுத்தினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2019இல், ஐரோப்பிய ஆணையத்துக்காகப் பல நாட்டுப் படகுகளைச் சோதித்த ஆய்வில், சான்றிதழில் உள்ளதைவிடக் கூடுதல் திறனில் படகுகள் ஓடுவதற்கான அறிகுறிகள் பரவலாகக் கிடைத்தன. எஞ்சினில் ஒட்டிய எண்ணை நம்பாமல் ஷாஃப்டில் அளக்க வேண்டும் என்பதே அதிலிருந்து கிடைக்கும் பாடம். ஷாஃப்டில் ஒட்டும் முறுக்கு அளவி, சுற்றை எண்ணும் கருவி இரண்டும் சேர்ந்தால் உண்மையான ஹெச்.பி. வந்துவிடும். டீசல் எஞ்சின் சோதனையில் பழகிய பொறியியல் புலம் சிதம்பரத்திலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தடைக்காலத்தில் மீன்வளத்துறை அந்த ஆய்வகத்தைத் துறைமுகத்துக்கு அழைத்து வந்து படகு படகாக அளந்து தரலாம். அபராதம் போடுவதற்காக மட்டுமல்ல, தன் எஞ்சின் எவ்வளவு திறனை வீணாக்குகிறது என்று உரிமையாளர் தெரிந்துகொள்வதற்காகவும்.

அப்படித் தெரிந்துகொண்டவர் என்ன செய்யலாம் என்பதற்குப் பதில் எளிது, புதிய எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் செலவும் சிறிது. தேய்ந்த லைனரும் ரிங்கும், சொட்டும் நாசிலும், அளவு தவறிய பம்ப்பும்தான் பெரும்பாலான படகுகளில் திறனைத் தின்கின்றன. 240 என்று வாங்கிய எஞ்சினிலிருந்து 240ஐத் திரும்பப் பெறுவதே பலருக்கு முதல் வேலை. கியர் விகிதத்துக்கும் படகின் எடைக்கும் பொருந்தும் புரொப்பல்லரைக் கணக்குப் போட்டு மாற்றுவது அடுத்தது. இழுவைப்படகுக்குப் புரொப்பல்லரைச் சுற்றி ஒரு வளையக் கூடு பொருத்தினால், மடி இழுக்கும் மெதுவான வேகத்தில் அதே எஞ்சினின் இழுவிசை கால் பங்கு வரை கூடும். பம்ப்பில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை. படகின் அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டிப் பூச்சு அடிப்பதன் பலன் மாதாமாதம் டீசல் பில்லில் தெரியும். அரசு உதவ வேண்டிய இடமும் இங்கேதான். கூடக் குடிக்கும் எஞ்சினுக்குக் கூடுதல் டீசல் தருவதைவிட, புரொப்பல்லருக்கும் பம்ப் கேலிபரேஷனுக்கும் ஒருமுறை மானியம் தந்தால் அந்தப் பணம் பருவத்துக்குப் பருவம் படகிலேயே தங்கும், பங்கு பிரிக்கும்போது தொழிலாளியின் கைக்கும் வரும்.